தெருவுக்கு ஒரு நாற்காலி

வறுமைக்கோட்டுக்குக் கீழே யார் யார் என்று பார்க்க, தொந்தி முன்னே வர, அதிகாரி அம்பலவாணர் தெருவுக்குள் வந்தார். பெரிய மனுஷரைத் தரையில் உட்கார வைக்கலாமா? தெருவுக்கே இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை, அவர் போகும் வீட்டுக்கெல்லாம் கொல்லைப்புறமாக முன்னாலேயே தூக்கிக்கொண்டு ஓடினாள் பூவாயி.

கடைசி வீட்டில் உட்கார்ந்தபடி அவர் தீர்ப்புச் சொன்னார்: "வீட்டுக்கு வீடு நாற்காலி! இந்தத் தெருவில் ஏழையே கிடையாது."

பூவாயிக்கு மூச்சிரைப்போடு சிரிப்பும் வந்தது.

"சரிங்க சாமி, கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தார். அவர் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நாற்காலியும் கூடவே எழுந்தது.

"இந்த ஒத்த நாற்காலிதாங்க வீட்டுக்கு வீடு உங்களுக்கு முன்னாடி ஓடிச்சு. இப்ப எங்க தெருச் சொத்து மொத்தமும் உங்க பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகுது. இப்பவாவது நாங்க ஏழைதானுங்களே?"