ஓடும்போது பார்த்த எண்ணெய்

பொதிகை மலையடிவாரத்தில் உலகம்மையின் மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பூசையறை, ஒரு அடுக்களை, வேப்பமரத்தடியில் ஒரு பழைய ஜீப்பு.

உலகம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளுடைய சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபது நெருங்கிவிட்டது. லாரி ஓட்டி, லாரி பழுது பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று விடிந்ததும் அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். உலகம்மை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு தீட்சை கொடுங்க."

"என்ன அவசரம் அண்ணாச்சி?"

"கோபம் போனா தாரேன்னு சொன்னீங்க. போயிட்டு."

"போயிட்டுன்னு எப்படித் தெரியும்?"

"தியானத்துல ஒக்காந்து உள்ள பாத்தேன். பொட்டுக் கோபம் இல்ல. சுத்தமா இருக்கு."

உலகம்மை அடுத்த மூடியைக் கையில் எடுத்தாள்.

"நல்லது. மொதல்ல ஆவுடையம்மாளை மலைக்குக் கொண்டுபோய் விடுங்க. முகூர்த்தம் இருக்குல்லா."

ஆவுடையம்மாளின் மகனுக்கு அன்று கல்யாணம். பெண் மலைக்கு மேலே மேலக்காட்டில் இருந்தாள். மாப்பிள்ளையும் உறவுக்காரர்களும் முந்தின நாளே நடந்து ஏறிவிட்டார்கள். ஆவுடையம்மாளுக்கு முழங்கால் மடங்காது. ஜீப்பில் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று கோமதிநாயகம்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கோத்த மஞ்சள் கயிற்றை மாப்பிள்ளையின் அம்மா மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை மடியில் வைத்துவிட்டால் கல்யாண வாசல் வரை அவள் எழுந்திருக்கக் கூடாது.

ஆவுடையம்மாள் பட்டுச்சேலை கட்டி, தாலியை மடியில் வைத்து, இருட்டு விலகுவதற்கு முன்பே ஜீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஜீப்பு ஒரு எஸ்டேட்காரர் மடத்துக்குக் கொடுத்தது. வெளிநாட்டு வண்டி. கிளச்சு கிடையாது. கியர் தானாக மாறும். அதன் கியர்பெட்டி தேய்ந்துபோய், வண்டி கொஞ்ச காலமாக மரத்தடியிலேயே கிடந்தது. கோமதிநாயகம் பெட்டியை இறக்கி, பல்லும் தட்டும், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் சுழலும் உருளையும் புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி கோத்து மாட்டியிருந்தார். தெருவில் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்துவிட்டார். சமதரையில் நன்றாகத்தான் போனது.

இப்போது வண்டியைக் கிளப்பி மலைப்பாதையின் முதல் ஏற்றத்துக்கு விட்டார். எஞ்சின் உறுமியது. சக்கரம் யோசித்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது. பிறகு நின்றது. எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

"ஏய்யா கோமதி" என்றாள் ஆவுடையம்மாள். "இம்புட்டுக் கத்தினா எங்க வீட்டு எருமைகூட ரெண்டு எட்டு வச்சிருக்கும்."

"சும்மா இருங்க மதினி."

மறுபடி முடுக்கினார். வண்டி மெல்லப் பின்னால் வழிந்து மடத்து வாசலுக்கே வந்து சேர்ந்தது.

"முன்னால போவச் சொன்னா பின்னால வருது. உன்ன மாதிரியே வளத்திருக்க."

கோமதிநாயகம் இறங்கினார். எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, கியர்பெட்டியின் எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். எண்ணெய் நிறைகோட்டில் நின்றது. குறை ஒன்றுமில்லை.

அப்படியானால் உள்ளே தட்டுகள்தான் வழுக்குகின்றன. எங்கேயோ தப்பாகக் கோத்துவிட்டோம் என்று நினைத்தார்.

"மதினி, இறங்குங்க. பெட்டியைக் கழட்டணும்."

"கழட்டி எப்ப மாட்டுவ?"

"நாளைக்கு சாயங்காலம் ஆயிரும்."

"நாளைக்கு சாயங்காலம் மறுவீட்டு விருந்துய்யா. கல்யாணத்தை விட்டுட்டு நேரா விருந்துக்கு வரச் சொல்லுதியா?"

"மனுசன் படுத பாடு தெரியாமப் பேசாதீங்க."

"ஒனக்கென்ன பாடு? தாலி என் மடியில இருக்கு. அங்க எம்மவன் வெறுங்கையோட மணையில ஒக்காந்திருப்பான். நான் இறங்க மாட்டேன். கழட்டுததா இருந்தா என்னோட சேத்துக் கழட்டு."

கோமதிநாயகம் கையிலிருந்த ஸ்பானரை வீசி எறிந்தார். அது தண்ணீர் வாளியில் பட்டு, வாளி கவிழ்ந்து உருண்டது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் பறந்தன.

"வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களா, இல்ல வண்டியோட சேத்து ஓடையில தள்ளிவிடட்டுமா" என்று கத்தினார்.

சத்தம் கேட்டு உலகம்மை வெளியே வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ. கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்பானரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"வண்டிக்கு என்ன செய்யுது?"

"வழுக்குதும்மா. ஏத்தத்துல பிடிக்க மாட்டேங்குது."

"எதனால வழுக்கும்?"

"எண்ணெய் கொறஞ்சா வழுக்கும். ஆனா எண்ணெய் இருக்கு. இப்பத்தான் பாத்தேன்."

"எப்படிப் பாத்தீங்க?"

"எஞ்சினை நிறுத்தி, ஆறவச்சு, குச்சியைத் துடைச்சு. எப்படிப் பாக்கணுமோ அப்படி."

"எப்ப வழுக்குது?"

"ஓடும்போது."

"நிக்கும்போது வழுக்குதா?"

"நிக்கும்போது எப்படிம்மா வழுக்கும்?"

"அப்ப நிக்கும்போது ஏன் பாக்கீங்க?"

கோமதிநாயகம் ஸ்பானரைத் துண்டில் துடைத்தார்.

"ஓடுத எஞ்சின்ல யாரும் எண்ணெய் பாக்க மாட்டாங்கம்மா. என் ஆயுசுல பாத்ததில்ல."

"எனக்கு வண்டி தெரியாது அண்ணாச்சி" என்றாள் உலகம்மை. "கேட்டேன், அவ்வளவுதான்."

"நீ பாரேன்யா" என்றாள் பின்னாலிருந்து ஆவுடையம்மாள். "குச்சியை எடுத்துப் பாத்தா கொறைஞ்சா போயிருவ?"

அவர் வண்டியைச் சமதரையில் நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்தார். எஞ்சினைக் கிளப்பிச் சூடேற விட்டார். பிரேக்கை மிதித்துக்கொண்டே கியர்க்கம்பியை ஒவ்வொரு இடமாகத் தள்ளி, கடைசியில் நியூட்ரலில் விட்டார். தோளில் கிடந்த துண்டு விசிறியில் சிக்கிவிடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவினார்.

குச்சியில் எண்ணெய் இல்லை. நுனிகூட நனையவில்லை.

தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். நெற்றியில் கிரீஸ் ஒட்டியது.

"என்ன ஆச்சு?" என்றாள் உலகம்மை.

"நிறுத்தினா மேல இருக்குத எண்ணெய் எல்லாம் வடிஞ்சு கீழ தொட்டிக்கு வந்திருதும்மா. பாத்தா நெறஞ்ச மாதிரி இருக்கு. ஓட ஆரம்பிச்சா பம்பு அத்தனையும் மேல இழுத்துக்கிடுது. கீழ ஒண்ணும் இல்ல. புதுசா மாட்டின உருளையும் காலியாத்தான் இருந்திருக்கு. அது குடிக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"தட்டு, பல்லு எல்லாம்?"

"எல்லாம் சரியாத்தான் கோத்திருக்கேன் போல." குரலில் சிரிப்பு வந்துவிட்டது. "கழட்ட வேண்டாம்மா. ஊத்தினாப் போதும்."

நிறைந்துவிட்டது என்று எண்ணி மூடி வைத்திருந்த டின்னை எடுத்து வந்தார். புனல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊற்றுவதும் குச்சியைப் பார்ப்பதுமாக இருந்தார். எண்ணெய் நல்ல சிவப்பாக இறங்கியது. ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏ, ஆரத்தித் தண்ணி மாதிரில்லா இருக்கு. மங்களகரமான வண்டிதான். ஓட்டுதவந்தான் சரியில்ல."

கோமதிநாயகம் சிரித்தார். "சரி மதினி, ஒழுங்காப் பிடிச்சிக்கிடுங்க."

உலகம்மை தேங்காய்ப்பூவை ஒரு தூக்குச்சட்டியில் போட்டு, கை கழுவி, முன்னால் ஏறிக்கொண்டாள். பாயசத்துக்கு அவள்தான் தேங்காய்ப்பால் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

முதல் ஏற்றம் வந்தது. வண்டி ஒருமுறை மெல்லக் குலுங்கியது. உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றைக் கைபிடித்தது போல இருந்தது. பிறகு சத்தமே இல்லாமல் ஏறத் தொடங்கியது.

"ஏறுதுய்யா" என்றாள் ஆவுடையம்மாள், தூங்கும் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக.

கல்லில் ஏறியது. ஓடையில் இறங்கி ஏறியது. வளைவில் தானாகவே கியரைக் குறைத்துக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஆவுடையம்மாள் ஒரு சாமியின் பேரைச் சொன்னாள். சாமிகள் தீர்ந்துபோனதும் கோமதிநாயகத்தின் பேரைச் சொன்னாள்.

மேலக்காட்டில் மேளக்காரர்கள் வாசித்து வாசித்துக் களைத்திருந்தார்கள். ஜீப்பைக் கண்டதும் அவர்களுக்குப் புது உயிர் வந்தது. மாப்பிள்ளை மணையிலிருந்து பாதி எழுந்தான். புரோகிதர் அவன் தோளைப் பிடித்து அமர்த்தினார். ஆவுடையம்மாளை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் மடியிலிருந்து தாலி நேராகத் தட்டுக்குப் போனது. தட்டிலிருந்து பெண்ணின் கழுத்துக்குப் போனது. குலவைச் சத்தத்தில் மலை அதிர்ந்தது.

தாலி கட்டி முடித்ததும் ஆவுடையம்மாளுக்கும் பெண்ணின் அம்மாவுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் அப்பளம் போடவில்லை என்று இவள் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மாவே தாலியோடு பிந்தி வந்தால் அப்பளம் காத்திருக்குமா என்று அவள் கேட்டாள்.

கோமதிநாயகம் ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்து நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் கிரீஸ் அப்படியே இருந்தது. உலகம்மை அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வண்டி தோத்திரும்னு பயந்தே போயிட்டேன்மா."

"அருமையா ஏறிச்சு அண்ணாச்சி."

அவர் இன்னொரு மிடறு குடித்தார்.

"அம்மா, காலையில கேட்டேனே. தீட்சை."

"கேட்டீங்க."

"தரலாமா?"

உலகம்மை பந்தலைப் பார்த்தாள். அப்பளத்தை விட்டுவிட்டுச் சண்டை இப்போது சீர்த்தட்டுக்கு வந்திருந்தது.

"ஓடும்போது ஒரு தடவை பாத்துட்டு, கீழ போய்ச் சேந்ததும் சொல்லுதேன்" என்றாள். "சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளைகூட பொண்ணோட அம்மாவும் நம்ம வண்டியிலதான் வாரா. சம்பந்தியம்மா ரெண்டு பேரையும் ஒங்க முதுகுக்குப் பின்னால ஒண்ணா ஒக்கார வைக்கச் சொல்லியிருக்கேன்."