ஆட்டுப்பாலுக்குச் சொன்ன பதில்

வலிப்பு வருகிற குழந்தைகளின் பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இணையதளம். அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் தணிகாசலம். தலை நரைத்த பிறகு இந்தத் தொழிலைக் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த ஜெனோவா அவரைவிடச் சின்னவர். இவர் 'டீச்சர்' என்பார். அவர் 'அண்ணே' என்பார்.

கேள்விக்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு பதில், அதற்கும் ஒன்று என்று ஒவ்வொன்றும் வலப்பக்கம் தள்ளித் தள்ளிப் போய், செல்போனில் கடைசிப் பதில் வரிக்கு ஓர் எழுத்தாகத் தொங்கியது. இது பதிலா முருங்கைக்காயா என்று ஒருவர் எழுதியிருந்தார். தணிகாசலத்துக்கு மானம் போய்விட்டது. எல்லாவற்றையும் இடப்பக்கம் இழுத்து, வந்த நேரப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் செல்போனை நீட்டியபடி ஜெனோவாவின் முன்னால் வந்து நின்றார்.

கோவில்பட்டியில் முத்துப்பேச்சி என்கிற தாய், குழந்தை வாந்தி எடுக்கிறது, வலிப்பு மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு நேர்கீழே, "தாராளமா நிறுத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்று இருந்தது. அது வேறொருவர் ஆட்டுப்பாலை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு வந்த பதில். முத்துப்பேச்சி நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பதிலை எத்தனை படி வரைக்கும் உள்ளே தள்ளணும், டீச்சர்? மூணா, நாலா?"

"முதல்ல அந்தம்மாவுக்குப் போன் போடுங்க."

தளத்தில் அவர் பதிந்திருந்த எண்ணுக்குப் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். யாரோ கட் செய்தார்கள். அப்புறம் எடுத்தார்கள். வராந்தாவில் நின்று பேசிவிட்டு வந்தார். அந்தம்மா மருந்து பாட்டிலை மூடி வைத்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டாராம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்களாம்.

தணிகாசலத்தால் உட்கார முடியவில்லை. நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். டாக்டர் பார்த்து மருந்து கொடுத்துவிட்டார், குழந்தை தூங்குகிறது என்று தகவல் வந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"உள்ளே தள்ளினா படிக்க முடியல. நேரா வெச்சா இப்படி ஆகுது. நான் என்னதான் செய்யறது?"

"போனை எடுத்ததும் முதல்ல என்ன கேட்டீங்க?"

"முத்துப்பேச்சிங்களான்னு கேட்டேன்."

"ஏன், நேரா மருந்தைக் குடுங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

"வேற யாராவது எடுத்திருந்தா?"

ஜெனோவா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒவ்வொரு பதிலும், யாருக்கோ அவங்க பேரைக் கூப்பிட்டுட்டுப் பேசட்டும், அண்ணே."