வெடிமருந்து அறைக்கு இரண்டு நாற்காலி

விருதுநகர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. முதலாளி அழகுராஜாவுக்கு வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.

தொழிலாளிக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் இன்னின்ன சிகிச்சை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அரசாங்கம் அனுமதித்தால் சிலதைக் குறைக்கலாம் என்பதும் சட்டம்தான். முதலாளி குறைக்கக் கேட்டது தீக்காயச் சிகிச்சையை. அதுவும் பட்டாசு ஆலையில்.

அனுமதி தர அதிகாரி வந்தார். ஆலை வாசலில் பந்தல், மாலை, இளநீர். வெடிமருந்து கலக்கும் மாரிக்கனியின் கையில் மைக்கைத் திணித்தார் முதலாளி.

"எல்லாருக்கும் சம்மதம்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

போன மாதம் வெடிமருந்து அறையில் தீப்பிடித்து வெந்துபோன அவள் தங்கச்சி, வீட்டில் வாழையிலையில் கிடந்தாள்.

"தீக்காயத்தை ஏன்யா எடுக்கிறீங்க?" என்று மாரிக்கனி அதிகாரியைக் கேட்டாள்.

"இங்கே தீப்பிடிக்க வாய்ப்பே இல்லையேம்மா. நானே பார்த்துட்டேன், பத்திரமான இடம்."

"அப்ப எங்களுக்குச் சம்மதம். கையெழுத்தை மட்டும் மருந்து அறையில வந்து போடுங்க. ரெண்டு பேரும் உக்காருங்க, பக்கத்துலயே நாங்க மருந்து கலக்குறோம்."

கூட வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

முதலாளிக்கு வேர்த்தது. "ஐயாவுக்கு உள்ளே புழுக்கமா இருக்கும்."

"நாங்க விசிறி விடுறோம் அண்ணாச்சி. ஐயா, செருப்பையும் செல்போனையும் வெளியவே வச்சிருங்க. ஒரு பொறி போதும்."

அதிகாரி செருப்பைக் கழற்றவில்லை. காரில் ஏறிவிட்டார். கையெழுத்தில்லாத மனு முதலாளி கையிலேயே நின்றது.

பத்திரமான அந்த அறை வாசலில் இரண்டு நாற்காலியும் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன.