கையெழுத்து சேராத முப்பத்தொரு பேர்

“தோக்கறதுக்குன்னே நாம அரசியலுக்கு வந்தோமா, டீச்சர்?” என்று கேட்டார் சபேசன்.

தமயந்தி டீச்சர் மேசைமேல் இருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபேசனுக்கு வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு நூலகத்தில் டீச்சர் நடத்திய இலவச வகுப்பில் உட்கார்ந்து படித்துத்தான் சபேசன் பாஸ் செய்தார். அன்றிலிருந்து அவர் டீச்சர், இவர் மாணவர்.

குடியுரிமை கிடைத்த கையோடு சபேசனுக்கு நாட்டைத் திருத்தும் ஆசை பிடித்துக்கொண்டது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறை தப்பு, செனட் தப்பு, தொகுதிக்கு எல்லை போடும் விதம் மகா தப்பு. பிறந்தநாள் விருந்துகளில் அவர் வாயைத் திறந்தால் ஜனங்கள் கேக் பக்கம் நழுவிவிடுவார்கள்.

மனுஷன் பேச்சோடு நிற்கவும் இல்லை. டீச்சரோடு சேர்ந்து இரண்டு வருடம் வீடு வீடாக அலைந்து கையெழுத்து வாங்கி, ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும்படி நான்காம் தீர்மானத்தை வாக்குச்சீட்டில் ஏற்றிவிட்டார். கவுண்டி என்கிற மாவட்டத்தின் தொகுதி எல்லைகளை இனிமேல் ஜெயித்த கட்சி வரையக் கூடாது, கட்சி பார்க்காத ஏழு குடிமக்கள் வரைய வேண்டும். அதுதான் தீர்மானம்.

தேர்தல் முடிந்துவிட்டது. தீர்மானம் மூன்று ஓட்டில் முன்னால் இருந்தது.

பாக்கி, தபாலில் வந்த முப்பத்தொரு ஓட்டுகள். உறைமேல் போட்ட கையெழுத்து பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தோடு சேரவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த முப்பத்தொரு பேரும் இன்று மாலை ஐந்து மணிக்குள் தேர்தல் ஆபீசுக்கு வந்து, ‘இது என் கையெழுத்துதான்’ என்று எழுதிக் கொடுத்தால் எண்ணுவார்கள். வராவிட்டால் இல்லை. பட்டியல் யார் கேட்டாலும் கிடைக்கும். பெயர், விலாசம், வாக்காளராகப் பதியும்போது சொன்ன கட்சி.

“நம்ம ஆளுங்க பதிமூணு பேர், டீச்சர். அவங்களை மட்டும் கூட்டிட்டு வருவோம். மத்த பதினெட்டு பேரை நாம ஒண்ணும் தடுக்கப் போறதில்லை. சும்மா இருக்கப் போறோம், அவ்வளவுதான். அவங்க கட்சிக்காரங்க போய்ச் சொல்லட்டுமே.”

“சொல்லுவாங்களா?”

“அவங்க பட்டியலே வாங்கலை. விசாரிச்சுட்டேன்.”

டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். கட்சி எழுதியிருந்த பத்தியை மேலிருந்து கீழ்வரை வெட்டினார். அந்தத் துண்டு குப்பைக்கூடைக்குப் போனது.

“தெருவாரியாப் பிரிச்சிருக்கேன், சார். உங்களுக்கு எட்டு வீடு.”

“ரெண்டு வருஷ உழைப்பு, டீச்சர்!” சபேசனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எனக்கும் ரெண்டு வருஷம்தான், சார்.”

சபேசன் காரை எடுத்தார். வழியெல்லாம் டீச்சரைத் திட்டிக்கொண்டே போனார்.

முதல் ஏழு வீடுகளில் யார் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. வாசலில் நின்ற காரைப் பார்த்தார், பூந்தொட்டியைப் பார்த்தார், நாயின் ஜாதியைக்கூடப் பார்த்தார். ஒன்றும் பிரயோஜனமில்லை. விஷயத்தைச் சொன்னார். சிலர் தாங்களே கிளம்பிப் போனார்கள். இருவரைக் காரில் கொண்டுபோய் விட்டார்.

எட்டாவது வீட்டுக்கு வந்தபோது மணி நாலேகால். புல்தரையில் ஓர் ஆள் உயரத்துக்குப் போர்டு நின்றது. நான்காம் தீர்மானம் வேண்டவே வேண்டாம்.

சபேசன் காரிலிருந்தே போன் போட்டார்.

“வாசல்ல நமக்கு எதிரா போர்டு வச்சிருக்காங்க, டீச்சர்.”

“கதவு இருக்கா?”

“இருக்கு.”

போனை வைத்துவிட்டார் டீச்சர்.

சபேசன் ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஊரில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு இறங்கினார். போய்க் கதவைத் தட்டினார்.

ராய் ஹாலிஸ் என்பவர் திறந்தார். வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு.

“ஏணியிலேருந்து விழுந்துட்டேன். இடது கையாலதான் கையெழுத்துப் போட்டேன். அதுக்கா செல்லாதுன்னு சொல்றாங்க?”

“அஞ்சு மணிக்குள்ள போய் எழுதிக் கொடுத்தா செல்லும்.”

“இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எங்கே வண்டி ஓட்டறது?”

சபேசன் வாசலில் நின்ற தன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

ஹாலிஸ் சபேசனின் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் படித்தார். நான்காம் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுங்கள்.

“நான் அதுக்கு எதிராப் போட்டேன். தெரியுமில்லை?”

“போர்டைப் பார்த்தேன்.”

“கட்சி பார்க்காத ஏழு பேராம்! அறுபத்தெட்டு வருஷமா இந்த ஊர்லயே இருக்கேன். அப்படி ஒரு ஆளை நான் கண்ணால பார்த்ததில்லை. நீங்க பார்த்திருக்கீங்களா?”

இந்தக் கேள்விக்குச் சபேசனிடம் நாற்பது நிமிடப் பதில் ஒன்று தயாராக இருந்தது. மற்ற மாநிலங்களில் என்ன நடந்தது, நீதிமன்றம் என்ன சொன்னது, எல்லாம் புள்ளிவிவரத்தோடு. வாய்வரை வந்ததை விழுங்கினார். கையிலிருந்த, ஓரம் வெட்டுப்பட்ட காகிதத்தைப் பார்த்தார்.

“இன்னைக்குக் காலையிலதான் முதல்தடவையா ஒருத்தரைப் பார்த்தேன்,” என்றார்.

கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“ஏறுங்க, நேரமாச்சு. வழியில சிக்னல் நிறைய இருக்கு.”