பல்வலி முறை

மேட்டுப்பட்டிச் சந்தைக்குப் பின்னால் ஒரே வீட்டில் ஏழு பேர் கூட்டாகக் குடியிருந்தார்கள். அந்த ஏழு பேருக்கும் எவ்வளவு புத்தி என்று கேட்காதீர்கள். இருந்த ஓர் ஆள் புத்தியையும் சமமாகப் பங்கு போட்டிருந்தார்கள்.

சாவி கொடுத்த அன்று வீட்டுக்காரர், "எதையும் முறை வச்சுச் செய்யுங்க. ஒருத்தருக்குக் கஷ்டம்னா ஏழு பேரும் பங்கு போட்டுக்குங்க" என்று சொல்லியிருந்தார். அதன்படி சமையலுக்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் கிழமைவாரியாகப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

அப்படியிருக்கையில் மாசிலாமணிக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. மூன்று நாள் பொறுத்துவிட்டு, பாவம், வாயைத் திறந்து சொன்னார்.

பட்டியல் எழுதும் வேலப்பனுக்கு மனசு விட்டுப்போயிற்று. "மூணு நாளா நீங்க ஒருத்தரே வச்சுக்கிட்டிருந்தீங்களா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"தப்புதாங்க" என்றார் மாசிலாமணி, வெட்கத்தோடு.

உடனே பல்வலிக்கும் முறை போட்டார்கள். திங்கள் வேலப்பன், வியாழன் பச்சையப்பன் என்று போய், மாசிலாமணிக்கு ஞாயிறு விழுந்தது.

திங்களன்று வேலப்பன் விடிந்ததிலிருந்து அருமையாக முனகினார். நோயாளிக்கு உரிய கஞ்சி அவருக்குப் போயிற்று. முறை இல்லாத மாசிலாமணிக்கு முறுக்கு கொடுத்தார்கள். ஒரு கடி கடித்ததும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாய் தவறி "அம்மா" என்றுவிட்டார்.

"இன்னிக்கு என் முறை. என் வேலையில கை வைக்காதீங்க" என்றார் வேலப்பன்.

புதன்கிழமைக்குள் மாசிலாமணியின் கன்னம் வீங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று கெஞ்சினார். யாரும் மறுக்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, ஏழு பேரும் பல் வைத்தியரிடம் போய்ப் பச்சையப்பனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"இவருக்குப் பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு? அவருக்குத்தானே கன்னம் வீங்கியிருக்கு?" என்று வைத்தியர் மாசிலாமணியைக் காட்டினார்.

மாசிலாமணி பதறிப்போனார். "இன்னிக்கு என் முறை இல்லீங்க. பெரிய மனசு பண்ணி அவருக்கே பிடுங்குங்க."

ஏழு பேர் ஒரே குரலில் கேட்டால் வைத்தியர்தான் என்ன செய்வார்? பிடுங்கினார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று பச்சையப்பன் வாயில் பஞ்சோடு கேட்டார்.

மாசிலாமணி நாக்கால் தடவிப் பார்த்தார். "வலிக்கத்தாங்க செய்யுது."

"பின்னே? ஏழுல ஒரு பங்குதானே போயிருக்கு" என்றார் வேலப்பன்.

மாசிலாமணி இன்னொரு தரம் தடவினார். "சரிதாங்க. அவ்வளவுதான் குறைஞ்சிருக்கு."

வெள்ளியன்று ஒரு பல் போயிற்று, சனியன்று ஒன்று. ஞாயிறு வைத்தியருக்கு விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. மாசிலாமணி வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தார். அடுத்த புதனுக்குள் மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பல் குறைந்துவிட்டது.

அன்று மாலை மாசிலாமணி எழுந்து நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "ஆறு பங்கு போயாச்சு. மிச்சம் ஒரு பங்குதானே, அதை நானே வச்சுக்கிறேங்க."

"அதெப்படி? வீட்டுக்காரர் சொன்னது மறந்துபோச்சா? அந்த ஒரு பங்கையும் ஏழாப் போடுவோம்" என்றார் வேலப்பன்.

மறுநாள் வியாழக்கிழமை. பச்சையப்பன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தார். மாசிலாமணி பக்கத்தில் நின்று, "பயப்படாதீங்க, வலி எனக்குத்தான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.