சொள்ளமுத்து அண்ணாச்சி வாசல் வேகத்தடை

பிரமு மாவு மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த சொள்ளமுத்து அண்ணாச்சி பெருமையடிக்க வாயைத் திறந்துவிட்டால் மில் சத்தமெல்லாம் எடுபடாது. அதோடு இன்றைக்கு அவளுக்கு அவரிடம் காரியம் இருந்தது.

தெருவில் பைக்குகள் பறக்கிற பறப்பில் அடிபட்டு, அவள் மகள் கால் முறிந்து கிடக்கிறாள். வேகத்தடை கேட்டு நகராட்சிக்குப் போனால் ஆயிரத்தெட்டு விதி. வளைவில் போடக்கூடாதாம், மில் இருப்பதோ வளைவில். எந்த வீட்டு முன்னால் வருகிறதோ அந்த வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தெருவே வேகத்தடை வேண்டும் என்றது. எங்கள் வாசலில் மட்டும் வேண்டாம், தடதடவென்று தூக்கம் போய்விடும் என்றும் அதே மூச்சில் சொன்னது. பாக்கி அண்ணாச்சி ஒருவர்தான். அவரைக் கேட்டால் நழுவிவிடுவார். கேட்கக் கூடாது, பெருமை பேசக் கிளப்பிவிட வேண்டும்.

"வேகத்தடை என்ன அண்ணாச்சி, அவ்வளவு பெரிய விஷயமா?"

"என்ன பிள்ள இப்படிக் கேட்டுட்ட! பழைய ஊர்ல எங்க வாசல்ல ஒண்ணு கிடந்துச்சு பாரு. லாரி அதுல ஏறி இறங்குறதுக்குள்ள கிளீனர் குதிச்சு, இட்லி தின்னு, கைகழுவிட்டு அந்தப் பக்கம் போயி ஏறிக்கிடுவான்."

மாவுக்குக் காத்திருந்த இசக்கியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "நாலு விரக்கடைக்கு மேல உயரம் கூடாதுன்னு விதி இருக்கே?"

"இருக்கு வே! அளக்கத்தான் ஒரு ஓவர்சியர் வந்தாரு. டேப்பை இழுத்துக்கிட்டு ஏறினாரு. ஏறிக்கிட்டு இருக்கையிலேயே ரிட்டயர்டு ஆயிட்டாரு. பென்சனை நாங்கதான் மேல கொண்டுபோய்க் கொடுத்தோம்."

"சரிதான்!"

"இதுக்கே வாயப் பொளந்தா எப்படி? இந்தப் பக்கம் வெயில் கொளுத்தும், அந்தப் பக்கம் சாரலடிக்கும். திருவனந்தபுரம் போற பிளேன் எங்க வாசலுக்கு மேல வந்தா கியரைக் குறைச்சுத்தான் போவும். பைலட்டு ஜன்னல்ல தலைய நீட்டி, 'அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?'ம்பான்."

"பிளேன்ல ஜன்னல் திறக்காது வே."

"உமக்குத் திறக்க மாட்டான்."

பிரமு சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டாள். "எல்லாம் சரி அண்ணாச்சி. அந்தச் சத்தத்துல எப்படித் தூங்குனீக?"

"சத்தமா? அது தாலாட்டுல்லா! அரிசியையும் உளுந்தையும் சட்டியில போட்டு வாசல்ல வச்சாப் போதும். வண்டி குலுங்குற குலுக்கல்ல மாவு தானா ஆடிரும். இந்தத் தெருவுக்கு வந்ததுலேருந்து அந்தச் சத்தம் இல்லாம எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல, பாத்துக்க."

பிரமு சம்மதக் கடிதத்தை அவர் முன்னால் விரித்தாள். இசக்கியப்பன் பேனாவைத் திறந்து நீட்டினார். அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

"போடலாம்தான்... என் கையெழுத்தோட பவரு உனக்குத் தெரியாது பிள்ள. ஒருதடவை போட்டேன். காகிதம் பத்தி எரிஞ்சு, மேசை பத்தி எரிஞ்சு, ஆபீசே சாம்பலாயிட்டு!"

"தெரியும் அண்ணாச்சி." பிரமு தயாராக வைத்திருந்த கைநாட்டு மைப்பெட்டியைத் திறந்தாள். "பெருவிரலை நீட்டுங்க."