செவ்வாயில் ஓர் அவரைக்கொடி

செவ்வாய்க் கிரகத்தில், கண்ணாடிக் கூரைக்குள் ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே பயிர் வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் இளம்பரிதி. அவருடைய மூத்த சிஷ்யை மரகதவல்லி. மூத்தவள் என்றால் நிஜமாகவே மூத்தவள், குருவைவிடப் பத்து வயது கூட. அவள் அவரைக் குருவே என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அந்தக் கிரகத்து மண் முழுக்க விஷ உப்பு. மரகதவல்லி அதைக் கழுவினாள், உலர்த்தினாள், மறுபடியும் கழுவினாள். போட்ட விதையெல்லாம் வருஷக்கணக்காகக் கருகிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு அவரைக்கொடி பிழைத்து, பந்தலேறி, பூவும் விட்டது. அன்றிலிருந்து அவள் அந்தப் பாத்திக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

அந்தக் கொடிதான் ஒரே காலையில் செத்துப்போனது.

காரணம் வீரபாகு. நாகர்கோவில்காரன், காற்றுக் குழாய்களைப் பழுதுபார்க்கிறவன். கண்ணாடிக்கு உட்புறம் குளிரைத் தடுக்கத் தடித்த திரை தொங்கும். வெயில் ஏறும்வரை அதை யாரும் தொடக்கூடாது. அவன் விடிந்ததும் விடியாததுமாக அதை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

"எதுக்குய்யா தொறந்தே?" என்று கத்தினாள் மரகதவல்லி.

"விடிஞ்சா வீட்டுல சன்னலத் தொறந்து போடுவோம்லா அக்கா. கைப்பழக்கம். செடிக்கும் வெளிச்சம் கெடைக்கட்டும்னு..."

ஓரமாகப் போய் உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்கும் எழுந்து வரவில்லை.

பூமிக்குத் திரும்பும் கப்பல் மறுநாள் கிளம்புவதாக இருந்தது. மரகதவல்லி நேராகக் குருவிடம் போனாள்.

"குருவே, வீரபாகுவ நாளைக்கே ஏத்தி அனுப்பிடுங்க."

"அவர் போகணும்னு கேட்டாரா?"

"அவன் எங்க கேக்கறான்? இருந்ததெல்லாம் வித்துட்டு ஆசையா வந்தவன். நான்தான் கேக்கறேன்."

குரு கருகிய கொடியைப் பந்தலிலிருந்து மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"சரி. தண்ணித் தொட்டிய மூட மறந்த செண்பகம்?"

"அவளும் போகட்டும்."

"கழுவாத மண்ண நல்ல மண்ணோட கலந்தது யாரு?"

மரகதவல்லியின் குரல் இறங்கியது. "நான்தான்."

குரு பிரித்த கொடியைப் பாத்தியோரம் வைத்தார்.

"வேணும்னா நானும் போறேன் குருவே. காத்து இல்ல, தண்ணி இல்ல, குளிரு கொல்லுது, மண்ணு விஷம். இத்தனையோடயும் மல்லுக்கட்டறோம். இதுல மனுஷங்க பண்ற தப்பையும் சேத்துத் தாங்க முடியுமா? இன்னிக்குக் கொடி போச்சு. நாளைக்கு இதே மாதிரி ஒரு கைப்பழக்கத்துல நாம எல்லாரும் போயிடுவோம். எனக்குப் பயமா இருக்கு."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குரு அவள் கையைப் பிடித்துக் கண்ணாடியோரம் கூட்டிப்போனார். வெளியே சிவப்புப் புழுதியில் ஒரு இயந்திர வண்டி ஐஸ் தோண்டிக்கொண்டிருந்தது. மனிதர் யாரும் வருவதற்கு முன்பே வந்து இறங்கிய வண்டி அது.

"அது எப்பவாவது தப்பு பண்ணிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"குளிருதுன்னு சொல்லியிருக்கா?"

"அதுக்கென்ன குளிரு!"

"விடிஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டிருக்கா?"

மரகதவல்லியின் பார்வை தானாகத் திரும்பியது. வீரபாகு இன்னும் முழங்காலில் முகத்தைப் புதைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"தப்பே பண்ணாதவங்களுக்கு இந்தக் கிரகம் என்னிக்கோ லாயக்காயிடுச்சுக்கா," என்றார் குரு. "நாம பாடுபடறது மத்தவங்களுக்காக."